ரயிலுக்கு முந்தைய சாலை

என் கணவருக்குக் கள்ளுப் பழக்கம் இல்லை, சீட்டுப் பழக்கம் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைப் பொறாமையோடு பார்ப்பார்கள். அவருக்கு இருந்தது சாலைப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், கையில் ஒரு பாராங் கத்தியும் தோளில் ஒரு துண்டுமாகக் கிளம்பிவிடுவார். எங்கே என்று கேட்டால், "ரோட்டப் பாக்கப் போறேன்" என்பார். வீட்டு வாசலிலேயே ஒரு ரோடு கிடக்கிறதே, அதைப் பார்த்தால் ஆகாதா என்று கேட்டிருக்கிறேன். அது ரோடே இல்லையாம்.

அவர் தேடிக்கொண்டிருந்தது பழைய மாட்டுவண்டிச் சாலையை. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் ரயில் ஓடத் தொடங்குவதற்கு முன்னால், அம்பாங் பக்கத்தில் தோண்டிய ஈயமெல்லாம் மாட்டுவண்டியில்தான் போனதாம். மேற்கே குன்றுகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கு வழியாக வண்டிகள் இறங்கிப்போய், டாமன்சாரா ஆற்றின் படகுத்துறையில் சுமையை இறக்குமாம். அங்கிருந்து படகில் கிள்ளான், அதற்கப்புறம் கடல். ரயில் வந்ததும் அந்தச் சாலைக்கு வேலை போய்விட்டது. பாதியை ரப்பர் தோட்டம் எடுத்துக்கொண்டது, மீதியைக் காடு மூடிவிட்டது.

இந்தப் பைத்தியம் அவருக்குப் பிடித்தது ஒரு படத்தால். அவர் ரயில்வே சரக்குக் கொட்டகையில் கிளார்க். துரை படித்துவிட்டு வீசிய இங்கிலீஷ் சஞ்சிகை ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதில் ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கில் ரோமர்கள் போட்ட கல் சாலையின் படம். சுற்றிலும் பனி, நடுவில் பாறையை வெட்டிப் போட்ட வழி, அந்தப் பாறையில் வண்டிச் சக்கரம் ஓடி ஓடித் தேய்ந்த இரண்டு பள்ளங்கள். இரண்டாயிரம் வருஷத்துச் சாலையாம், இன்றைக்கும் வெள்ளைக்காரர்கள் போய் அதில் நடந்து பார்த்துவிட்டு வருகிறார்களாம். படத்தைக் கத்தரித்து, அடுப்படிச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை முருகனுக்குச் சாம்பிராணி காட்டும்போது ரோமர்களுக்கும் சேர்த்துத்தான் காட்டினேன். வேறு வழி?

எங்கள் வீடு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், ஒரே கூரையின் கீழ் நீளமாகப் போகும் வரிசையில் ஒன்று. முன்னறை, பின்னறை, அடுப்படி, அவ்வளவுதான். முன்னறையில் என் கணவரின் அண்ணன் இருந்தார். வீடு அவருக்குக் கிடைத்த வீடு. தகப்பனில்லாத தம்பியை நாட்டிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து, வரவழைத்து, இங்கே படிக்கவைத்து, ரயில்வேயில் நுழைத்து, என்னைப் பார்த்துக் கட்டிவைத்ததும் அவர்தான். அவர் முன்னால் என் கணவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் அவரை மாமா என்பேன், அதுவும் கதவுக்குப் பின்னால் நின்றுதான். வெளியே போக வேண்டுமென்றால் முன்னறை வழியாகத்தான் போக வேண்டும், அல்லது பின்பக்கம் குழாயடி வழியாக, பக்கத்து வீட்டு அக்காவின் கண்ணில் பட்டுக்கொண்டு போக வேண்டும்.

மாமா ரயிலில் கார்டு. கோலாலம்பூருக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் நடுவில் அவரைத் தெரியாத போர்ட்டர் கிடையாது. நான் பெட்டாலிங் ஸ்டேஷனில் தும்மினால் பத்து தீகா ஸ்டேஷனில் இருக்கும் அவர் காதுக்குப் போய்விடும். கிள்ளானில் என் அப்பா ரயில்வே கேட் காக்கிறவர். அம்மா போனபின் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு, மாமா என்ன சொன்னாலும் தலையாட்டுகிற மனிதராகிவிட்டார். அந்த அப்பா வீட்டுக்குப் போகக்கூட மாமா தலையசைக்க வேண்டும். மாமா கத்துகிறவர் இல்லை, கை ஓங்குகிறவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் மூச்சு முட்டியது. கத்துகிறவரோடு சண்டையாவது போடலாம்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. மனைவி வயிற்றில் உண்டானால், ஊருக்குப் போகிற ஏதாவது ஒரு குடும்பத்தோடு சேர்த்துக் கப்பலேற்றி நாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே காய்ச்சல், அங்கே சொந்தபந்தம், குலதெய்வம் என்று நூறு காரணம் சொல்வார்கள். பெற்றெடுத்துத் திரும்பி வந்தவர்களும் உண்டு. மாமாவின் மனைவி திரும்பி வரவில்லை. ஏழு வருஷத்துக்கு முன் வயிற்றோடு போனவள், அங்கே ஒரு பெண்ணைப் பெற்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் மாமியாரான கிழவி அங்கே படுத்த படுக்கையானாள், அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. அத்தோடு அவள் கதை முடிந்தது.

நான் அவளைப் பார்த்ததே இல்லை. ஆனால் அடுப்படிச் சுவர் இடுக்கில் அவள் செருகிவிட்டுப் போன கொண்டை ஊசி ஒன்று இருந்தது. சட்டியை இறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். அதை எடுத்து எறியவும் மனசு வரவில்லை, தொடவும் பயமாக இருந்தது. நான் கிள்ளானில் பிறந்து கிள்ளானில் வளர்ந்தவள். பாசாரில் மீன்காரச் சீனனோடு மலாயில் பேரம் பேசி வளர்ந்தவளைக் கொண்டுபோய், முகம் தெரியாத ஒரு வீட்டில் முகம் தெரியாத ஒரு கிழவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால் என்ன ஆவேன்? போனால் திரும்ப மாட்டேன் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

அதனால் நான் உண்டானபோது யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒரு கணக்கு உண்டு. ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் பிள்ளைத்தாய்ச்சி கடல் தாண்டக்கூடாது. அதுவரைக்கும் தள்ளிவிட்டால் போதும், பிள்ளை பிரிக்பீல்ட்ஸில்தான் பிறந்தாக வேண்டும். மாதம் மூன்று நாள் நான் அடுப்படிக்குப் போகாமல் பின்வாசல் ஓரம் தனிப் பாயில் ஒதுங்கியிருப்பது வழக்கம். அந்த மூன்று நாளும் கணவர்தான் குழம்பு என்ற பெயரில் எதையாவது கொதிக்கவைப்பார், மாமா வாயைத் திறக்காமல் சாப்பிடுவார். உண்டான பிறகும் நான் நாள் தவறாமல் பாயை விரித்து ஒதுங்கினேன். மூன்றாம் நாள் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, நாலு பேர் பார்க்கக் கூந்தலை உலர்த்தினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வாந்தி வரும் காலைகளில் ரயில் எஞ்சின்கள் பெரிய மனசு பண்ணிச் சத்தம் போட்டு உதவின. ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கத்தான் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவும் முன்னறையில் இருப்பார். ஊதலைத் துடைப்பார், கொடிகளைச் சுருட்டுவார். அவர் கண் என் வயிற்றுப் பக்கம் வருகிறதா என்று பார்த்துப் பார்த்தே எனக்குக் கழுத்து வலிக்கும். ஒரு வாரம் கணவர் கிளம்பியபோது நானும் வருகிறேன் என்றேன். மாமா என்ன சொல்வாரோ என்று நடுங்கினேன். அவர் சுருட்டிய கொடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "காத்தாட நடந்துட்டு வரட்டும். நல்லதுதான்" என்றார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

என் திட்டம் எளிமையானது. மாமா இல்லாத இடத்தில் கணவரைத் தனியாகப் பிடித்து, விஷயத்தைச் சொல்லி, அண்ணனிடம் ஒருதரம், வாழ்நாளில் ஒரே ஒருதரம், மாட்டேன் என்று சொல்லவைக்க வேண்டும். சாலை எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் அந்தச் சாலை பொல்லாத சாலை. பந்தாய் மேட்டைத் தாண்டியதும் சீனர்களின் கீரைத்தோட்டங்களுக்கு ஓரமாக ஆரம்பிக்கும். முதலில் வெறும் லாலாங் புல்தான், இடுப்பு உயரம். கணவர் பாராங்கால் புல்லை வெட்டி, காலால் மண்ணை உதைத்துப் பார்ப்பார். டக்கென்று கல் சத்தம் கேட்டால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. குந்தி உட்கார்ந்து மண்ணைக் கையாலேயே வழித்து எடுப்பார். உள்ளே செம்பாறைக் கற்கள் நெருக்கமாகப் பதித்துக் கிடக்கும். "பாத்தியா? வண்டி சேத்துல எறங்கிடக்கூடாதுன்னு பாவியிருக்கான். ரோமன்காரனும் இப்படித்தான் செஞ்சான்" என்பார். இதைச் செய்தது ரோமன்காரன் இல்லை, நம்ம ஆளும் சீனனும் மலாய்க்காரனும் முதுகு ஒடிந்து செய்தது என்பேன். "அதைத்தான் நானும் சொல்றேன்" என்பார். எதைச் சொன்னாலும் இவருக்கு அதுதான்.

ஒவ்வொரு ஞாயிறும் முந்தின வாரம் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். பள்ளத்தாக்கில் இறங்க இறங்க இரண்டு பக்கமும் குன்றுகள் நெருங்கி வரும். ரப்பர் மரங்களின் நிழலில் பகலே மங்கிக் கிடக்கும். ஓரிடத்தில் வரிசையாக நாலைந்து பெரிய மாமரங்கள் நின்றன. காட்டில் யார் மாமரம் வைப்பார்கள்? வண்டிக்காரர்கள் இளைப்பாறிய இடமாக இருக்கும் என்றார். மாடுகள் தண்ணீர் குடித்த கல்தொட்டி ஒன்று பாதி புதைந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு மாட்டு லாடத்தைக் கண்டெடுத்து, துருவைத் துடைத்து, என் மடியில் போட்டார். கல்யாணமானதிலிருந்து அவர் எனக்குக் கொடுத்த முதல் நகை அதுதான் என்று சொன்னேன். சிரித்தார். சிரித்தால் அவர் நல்லவராகத் தெரிவார், அதுதான் சங்கடம்.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். அதற்குள் அடுத்த கல்லைக் கண்டுவிடுவார். இப்படியே வாரங்கள் ஓடின. சேலையை நெகிழ்த்திக் கட்டிக்கொண்டேன். அந்தப் பள்ளத்தாக்கில் நடக்கும்போது எனக்கு ஒரு எண்ணம் மட்டும் ஓயாமல் வரும். இந்தச் சாலையில் ஏறிய ஈயம் எங்கே போயிற்று? படகுத்துறைக்கு. அங்கிருந்து? கப்பலுக்கு. எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில் கப்பல்தான் நிற்கிறது என்று தோன்றும்.

ஒரு ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தாக்கின் நடுவில், ஓடைமேல் செங்கல்லால் கட்டிய பழைய மதகு ஒன்று இருந்தது. சாலை அங்கே இரண்டு ஆள் உயரத்துக்கு மேடாகப் போகும். நாங்கள் மதகின்மேல் ஏறி நின்றபோது முன்பக்கத்து மேடு மழையில் சரிந்து விழுந்தது. திரும்பிப் போகலாமென்று பார்த்தால், நாங்கள் கொஞ்சம் முன்னால் மிதித்து வந்த பள்ளத்தில் தண்ணீர் இடுப்பளவுக்குச் சுழித்துக்கொண்டு ஓடியது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. ஒரு அறை அகலத்துக்குச் சாலையும், சுற்றிலும் செந்தண்ணீரும், ஒரு வாழையிலையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும்.

நான் முந்தானையைத் தோளைச் சுற்றி இறுக்கிப் போர்த்திக்கொண்டேன். அவர் மதகின் ஓரத்தில் எட்டிப் பார்த்து, "எவ்வளவு தண்ணி வருது, ஒரு செங்கல் அசையுதா பாரு" என்றார். அப்போது எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மதகே உடைந்திருக்க வேண்டும்.

"ஏங்க, நான் முழுகாம இருக்கேன்" என்று கத்தினேன். மழைச் சத்தத்தில் கத்தத்தான் வேண்டியிருந்தது.

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தெரியும்" என்றார்.

"தெரியுமா? யாரு சொன்னா?"

"அண்ணன்."

"அவருக்கு யாரு சொன்னா?"

"பக்கத்து வீட்டு அக்கா. மாசாமாசம் மூணு நாள் ஒதுங்கி உக்காந்திருக்கா, ஆனா கொடியில ஒரு துணி காயலயேன்னு சொன்னாங்களாம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பாய் விரித்தேன், ஒதுங்கினேன், தலை முழுகினேன், கூந்தலை உலர்த்தினேன். துவைத்துக் காயப்போட இரண்டு துணியை மட்டும் மறந்துவிட்டேன். ஒரு ஆம்பிளைக்கு இது ஆயுசுக்கும் தெரிந்திருக்காது. குழாயடியில் நிற்கும் பொம்பளைக்கு முதல் மாதமே தெரிந்துவிட்டது. மாமா ஏன் காத்தாட நடக்கட்டும் என்றார் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

"சரி, தெரியும்ல? அப்ப உங்கண்ணன்கிட்ட சொல்லுங்க. நான் போகமாட்டேன். நான் அங்க போனா செத்துடுவேன்."

அவர் மதகின் ஓரச் செங்கல்லைத் தடவினார். நான் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"கப்பலுக்குச் சொல்லியாச்சு" என்றார். "ஆறாம் மாசம் முடியறதுக்குள்ள ஒரு கப்பல் இருக்காம். நாகப்பட்டினம் போற குடும்பம் ஒண்ணு உன்னக் கூட்டிட்டுப் போகும். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்... ஒவ்வொரு வாரமும் சொல்லிடலாம்னுதான் வந்தேன்."

நானும் ஒவ்வொரு வாரமும் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். இரண்டு பேரும் சொல்லாமல் சொல்லாமல் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறோம். "ஒரு தடவை மாட்டேன்னு சொல்லுங்களேன். ஒரே ஒரு தடவை" என்று அழுதேன். "அவரு முகத்தப் பாத்து எப்படிச் சொல்றது?" என்று அவரும் அழுதார். தண்ணீர் வடிகிற வரைக்கும் அங்கேயே கிடந்தோம். வீட்டுக்கு வந்தபோது மாமா அடுப்பில் வெந்நீர் போட்டுவைத்திருந்தார்.

அதற்கடுத்த வாரம் முன்னறைக்கு ஒரு கறுப்புத் தகரப்பெட்டி வந்துவிட்டது. மாமா வேலை முடிந்து வரும்போதெல்லாம் எதையாவது கொண்டுவந்து அதில் வைத்தார். என்ன வைக்கிறார் என்று நான் பார்க்கவில்லை. அதைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். குவார்ட்டர்ஸ் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, "கொடுத்து வச்சவ, நாட்டப் பாக்கப் போற" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்தாள். அதை அவள் தலையிலேயே கவிழ்க்கலாம் போலிருந்தது.

கப்பல் நாள் வந்தது. துறைமுகத்துக்குப் போகும் காலை ரயிலில் மாமாதான் கார்டு. பெட்டியை ஒரு ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு அவர் முன்னால் போனார். என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வர வேண்டியது என் கணவரின் பொறுப்பு. அவரோ, "ஆபீஸ்ல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு ஓடி வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் நான் தனியாக நின்றேன். கல்யாணமாகி வந்தபின் அந்த வீட்டில் நான் தனியாக நின்றது அன்றைக்குத்தான்.

ஸ்டேஷன் பக்கமே போக முடியாது. எல்லா ரயிலும் மாமாவின் ரயில்தான். எனக்குத் தெரிந்த இன்னொரு வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தட்டில் தேங்காய் பழம் வெற்றிலையை எடுத்து வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினேன். குழாயடியில் அக்கா எழுந்தாள். "கோயில்ல ஒரு தேங்கா உடைச்சிட்டு வந்துடறேங்க்கா. கடல் தாண்டிப் போறேன்ல" என்றேன். அதற்கு மேல் யார் என்ன கேட்க முடியும்? "போய்ட்டு சீக்கிரம் வா லா, ரயிலு நிக்காது" என்றாள்.

கோயிலைத் தாண்டும்போது சாமியைப் பார்க்கவில்லை. கீரைத்தோட்டத்தைக் கடந்து, லாலாங் புல்லில் இறங்கி, தட்டைப் புதரில் வைத்துவிட்டு, தேங்காயை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தேன். வழி எனக்கு அத்துபடியாகியிருந்தது. எங்கே கல் உறுதி, எங்கே சறுக்கும், எந்த மரத்துக்கப்புறம் இடது பக்கம் ஒதுங்க வேண்டும் என்று காலுக்கே தெரிந்தது. படகுத்துறை வரைக்கும் போய்விட்டால் அங்கே கம்பத்து மலாய்க்காரர்கள் யாராவது படகில் கொண்டுபோய் விடுவார்கள், எப்படியாவது கிள்ளானுக்கு அப்பா வீட்டுக்குப் போய்விடலாம். அப்பா என்ன செய்வார் என்பதும் எனக்குத் தெரியும். அடுத்த ரயிலில் அவரே கூட்டிக்கொண்டு வந்து மாமாவிடம் ஒப்படைப்பார். தெரிந்தும் நடந்தேன். வயிற்றில் பிள்ளை புரண்டது. மாமரங்களுக்குக் கீழே ஒருதரம் நின்று மூச்சு வாங்கினேன், அவ்வளவுதான்.

மதகு கண்ணில் பட்டது. அதன்மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் கோட்டு, காலிலிருந்து கழற்றி ஓரமாக வைத்த சப்பாத்து. என் கணவர்.

என்னைப் பார்த்ததும், அண்ணனைப் பார்த்தால் எழுவாரே, அப்படி விறைத்து எழுந்து நின்றார்.

"நீ எங்க இங்க?"

"நீங்க எங்க இங்க? கையெழுத்துப் போட்டுட்டு ஓடி வரேன்னீங்களே!"

"நான் வந்து கூட்டிட்டுப் போனாத்தான நீ ஸ்டேஷனுக்குப் போக முடியும்? அதான்..."

"அதான் என்னா?"

"ரயிலு போற வரைக்கும் இங்கயே ஒக்காந்துடலாம்னு."

அடப்பாவி மனுஷா! மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வராமல், காட்டில் வந்து ஒளிந்துகொண்டிருக்கிறார். என்னைக் காப்பாற்றுகிற அழகு இது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். "மாமா ஒரு போர்ட்டர அனுப்பி என்னக் கூட்டிட்டு வரச் சொல்லியிருந்தா? நீங்க இங்க கல்லத் தடவிக்கிட்டு ஒக்காந்திருப்பீங்க, நான் கப்பல்ல ஒக்காந்திருப்பேன்!" என்றேன். அவர் முகம் வெளுத்துப்போனது. "அத நான் நெனக்கவே இல்ல" என்றார். நிஜமாகவே நினைத்திருக்கவில்லை.

"நீ எங்க போற?" என்று கேட்டார்.

"அப்பா வீட்டுக்கு."

"அவரு உன்னத் திருப்பிக் கொண்டாந்து விட்டுடுவாரே."

"தெரியும்."

"அப்புறம் ஏன் போற?"

"வேற எங்க போறது? நீங்களே சொல்லுங்க."

அவர் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேங்காயை மதகில் உடைத்து ஆளுக்கொரு மூடி வைத்துக்கொண்டோம். குன்றுக்கு அந்தப் பக்கம்தான் ரயில்பாதை. காது முழுக்க அங்கேயே இருந்தது. அவர் இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "இன்னும் போகல. லேட்டு. அண்ணன் வண்டி லேட்டாவே ஆகாதே" என்றார். மறுபடி பார்த்தார், மறுபடி பார்த்தார். கடைசியில் எங்கேயோ தூரத்தில் ஊதிக்கொண்டு ரயில் போனது. சத்தம் தேய்ந்து நிற்கும் வரைக்கும் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

ரயில் போய்விட்டது, அப்படியே கப்பலும் போய்விடும், ஏழாம் மாதம் பிறந்துவிடும். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். எங்களுக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தச் சாலை இரண்டு பக்கமும் போனது, ஆனால் எங்களுக்குப் போக இருந்தது மாமாவின் வீடு ஒன்றுதான். வெயில் தாழ்ந்ததும் அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். திரும்பி நடந்தோம். அவர் வழியில் ஒரு கல்லைக்கூடப் பார்க்கவில்லை.

குழாயடியில் அக்கா எங்களைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவள் புருஷன் பார்த்துவிட்டு வந்து சொன்னதைச் சொன்னாள். நேரமாகியும் மாமா கொடியைக் காட்டவில்லையாம். பெட்டிக்குப் பக்கத்தில், ஸ்டேஷன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாராம். ஸ்டேஷன் மாஸ்டர் இறங்கி வந்து எல்லார் முன்னாலும் சத்தம் போட்ட பிறகுதான் பச்சைக் கொடி மேலே போனதாம்.

பொழுது சாய்கிற வேளையில் மாமா வந்தார், பெட்டியைத் தன் தோளிலேயே சுமந்துகொண்டு. கணவர் சுவரோடு ஒட்டி நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மாமா பெட்டியை இறக்கினார், தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"சோறு இருக்கா?" என்றார்.

போட்டேன். சாப்பிட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

மறுநாள் காலையில் கணவர் வேலைக்குப் போய்விட்டார். மாமா முன்னறையில் உட்கார்ந்து கோட்டுப் பொத்தான்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பெட்டியப் பிரிச்சு உன் துணிய எடுத்துக்க தாயி" என்றார். பெட்டியைப் பின்னறைக்கு இழுத்துப் பிரித்தேன். மேலே என் சேலைகள். அதற்குக் கீழே மஞ்சள் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். மஸ்ஜித் இந்தியா பக்கத்துத் துணிக்கடைக் காகிதம். பிரித்தேன். பச்சையில் ஒரு சேலை, ஒரு டப்பா பிஸ்கோத்து, கழுத்தில் பூத்தையல் போட்ட ரோஸ் நிறக் கவுன் ஒன்று.

கவுனை எடுத்து விரித்தேன். என் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்தால் மறைந்துவிடும் அளவு. தவழுகிற பிள்ளைக்குப் போடுகிற கவுன். என் பிள்ளைக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்தப் பச்சைச் சேலையைப் பார்த்தேன்.

அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கதவைத் தாண்டி முன்னறையில் அவர் எதிரில் போய் நின்றேன்.

"இது யாருக்கு மாமா?"

"பிள்ளைக்கு" என்றார். "கப்பல்ல வரும்போது போட்டுக்கிட்டு வரட்டும்னு."

"யாரு வராங்க?"

அவர் பொத்தானைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "நீ அங்க போனா ஆத்தாவப் பாத்துக்க ஒரு ஆளு ஆச்சு. அவளையும் பிள்ளையையும் இங்க வரச் சொல்லிடலாம்னு இருந்தேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஏழு வருஷமாக ஒரு மனுஷன் வாயைத் திறக்காமல் இருப்பானா? தம்பியிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அடுப்படிச் சுவரில் இருந்த கொண்டை ஊசியை அதற்குப் பிறகு என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. ஆனால் நான் போயிருக்க மாட்டேன்.

"மாமா, அவளுக்கு ஏழு வயசு. இதுல அவ கைகூட நுழையாது" என்றேன்.

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். என் கையிலிருந்த கவுனைப் பார்த்தார். நான் அதைச் சொல்லியிருக்கக்கூடாதோ என்று இருந்தது.

"ஏழு வயசுன்னா எவ்வளவு ஒசரம் இருக்கும்?" என்று கேட்டார்.

கிள்ளானில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். வயிற்றுக்குச் சற்று மேலே கையை நீட்டி, இவ்வளவு என்று காட்டினேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை. கைக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவ்வளவா?" என்றார்.